மண்முட்டி புதைத்துக் காப்பாற்றிய தோட்டம்

2024 ஓகஸ்ட் கடைசியில் ஒரு பின்னேரம் எங்கள் ஊர் நினைவுத் தோட்டத்துக்குள் நின்று எண்ணினேன். நட்ட 37 கன்றுகளில் 34 உயிரோடு நின்றன. சோளகக் காற்றில் மண் புழுதியாய்ப் பறந்துகொண்டிருந்த நேரம் அது. அதே நிலத்தில் இரண்டு வருடத்துக்கு முன், அதே மாதத்தில், 37 இல் 5 தான் மிஞ்சியிருந்தது. அந்த 5 இலிருந்து 34 க்கு வந்த கதையை எழுதி வைக்கிறேன். வேறு ஊரில் யாராவது தொடங்கினால் எங்கள் பிழைகளையாவது திரும்பச் செய்யாமல் இருக்கட்டும்.

இடம் வன்னியில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு கிரவல் ரோட்டில், சனசமூக நிலையத்துக்குப் பக்கத்துக் காணி. 20 பேர்ச். எங்கள் ஊரிலிருந்து போராடப் போய்த் திரும்பி வராத பிள்ளைகள் 37 பேர். அவர்களில் சிலருக்கு, புலிகள் இயக்கம் தன் போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லத்தில் கல் இருந்தது. 2009 இல் போர் முடிந்த பிறகு அந்தக் கற்கள் இடித்து நிரவப்பட்டன. கடைசி மாதங்களில் இறந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, இடமும் தெரியாது. 2016 இலிருந்து கிளிநொச்சி கனகபுரம் போன்ற துயிலும் இல்லங்களைச் சனம் துப்புரவாக்கி, மாவீரர் நாளான நவம்பர் 27 இல் விளக்கேற்றுகிறது. அது வருடத்தில் ஒரு மாலை. எங்கள் ஊர்த் தாய்மார் கேட்டது வேறு. “பின்னேரத்தில நடந்து போய்க் கொஞ்ச நேரம் இருக்க ஒரு இடம் வேணும் தம்பி” என்றார் ஒரு அம்மா. அவருக்கு 74 வயது, எனக்கு 58. அவருக்கு நான் இன்னும் தம்பிதான்.

கொடி, சின்னம், அடைமொழி எதுவும் வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே முடிவானது. பயம் ஒரு காரணம், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அது மட்டும் காரணமில்லை. “என்ர பிள்ளை விரும்பிப் போனவனில்லை, பிடிச்சுக்கொண்டு போனவங்கள். அவனுக்கு முன்னால ஒரு சொல்லும் போடாதேங்கோ” என்று ஒரு தாய் சொன்னார். பக்கத்தில் இருந்தவரின் மகள் தானாகப் போனவள். இரண்டு பேரும் ஒரே பாயில்தான் இருந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நான் பாடசாலையில் விவசாயம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். அதனால்தான் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் தடவை அது செத்ததற்கும் அதுவே காரணம் என்று இப்போது நினைக்கிறேன். எனக்குத் தெரியும் என்று எல்லாரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

2021 நவம்பரில், ஒரு பிள்ளைக்கு ஒரு கன்றாக நட்டோம். எல்லாருக்கும் தென்னம்பிள்ளைதான் வேண்டும். போர்க்காலத்தில் பிள்ளைகளை இழந்த குடும்பங்களுக்குத் தென்னம்பிள்ளை கொடுக்கிற வழக்கம் இருந்தது, அது மனதில் நின்றுவிட்டது. நான் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு பேர்ச் 272 சதுர அடி, 20 பேர்ச் என்றால் ஏறக்குறைய 5,445 சதுர அடி. தென்னைக்கு 25 அடி இடைவெளி வேண்டும், அதாவது ஒன்றுக்கு 625 சதுர அடி. அந்தக் காணியில் எட்டுத் தென்னை நிற்கும். நாங்கள் வைத்தது 37. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்து தருகிற கணக்கு இது.

இடைவெளி கொல்வதற்கு முதலே தண்ணீர் கொன்றுவிட்டது. மாரி நவம்பர், டிசம்பரில் கொட்டியது, கன்று நிமிர்ந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். ஜனவரி கழிய மழை நின்றது. அதற்குப் பிறகு யார் ஊற்றுவது என்று நாங்கள் பேசவே இல்லை. 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம், தண்ணீர்ப் பம்ப் இரைத்த நாட்களை விரலில் எண்ணலாம். வாளியில் கொண்டுவந்து ஊற்றினால் மேல் மண் இறுகிப் பாளம் பாளமாகி, தண்ணீர் ஓரத்தால் ஓடிவிடும். வேலிக்கு நட்ட கிளுவைக் கதியால்களும், அதாவது வேர் விட்டு வளர நடுகிற தடிகளும், பட்டுப்போயின. நான் வெட்டியது கோடையில், நட்டது மாரி தொடங்கிப் பத்து நாளுக்குப் பிறகு. கதியால் வெட்டிய கையோடு ஈர மண்ணுக்குள் போகவேண்டும், அதுவும் தலைகீழாகப் போகக்கூடாது. எங்கள் வேலியில் நாலைந்து தலைகீழாக நின்றதைப் பிறகுதான் பார்த்தேன். வேலி இல்லாத இடத்தால் கட்டாக்காலி மாடுகள் வந்து மிச்சத்தை முடித்தன.

ஓகஸ்ட்டில் அந்த 74 வயது அம்மா காய்ந்த கன்றுக்குப் பக்கத்தில் நின்றார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

2022 மாரிக்கு நடவே இல்லை. வேலியும் தண்ணீரும் முதலில், கன்று பிறகு என்று முடிவெடுத்தோம். காணி 99 அடிக்கு 55 அடி, சுற்றளவு 308 அடி. எட்டு அடிக்கு ஒன்றாக 38 கொங்கிரீட் தூண், ஒன்று 1,250 ரூபாய்ப்படி 47,500. முள்ளுக்கம்பி நாலு வரி, இரண்டு சுருள் 26,000. கேற் 9,000. பழைய இரும்புக் கேற் ஒன்றை வாங்கிக் கறள் சுரண்டிப் பூசியதால் அந்த விலை.

தூண்குழி ஒன்றரை அடி ஆழம், அலவாங்கால் கிண்டினோம். எங்கள் பக்கம் மிதிவெடி அகற்றி முடித்துக் கையளித்த நிலம்தான், என்றாலும் நிலம் தோண்டும்போது கை தானாக மெதுவாகிவிடும். செல் துண்டுகள், துருப்பிடித்த மீன்ரின், ஒற்றைச் செருப்பு, ஒரு அலுமினியக் கரண்டி. பத்தொன்பதாவது குழியில் வட்டமாக ஒரு இரும்பு தட்டுப்பட்டது. வேலையை நிறுத்தினோம், தகவல் கொடுத்தோம், இரண்டு நாள் யாரும் காணிக்குள் போகவில்லை. வந்து பார்த்தபோது அது மோட்டார் சைக்கிள் ஒன்றின் பிறேக் றம். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அதே மாதிரி ஒன்று நாளைக்குத் தட்டுப்பட்டாலும் நான் நிறுத்துவேன், நீங்களும் நிறுத்துங்கள்.

தண்ணீருக்கு முட்டி. மண்பானையைக் கன்றுக்குப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், நீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். படிப்பித்த காலத்தில் இதைக் கரும்பலகையில் படமாக எத்தனை தடவை வரைந்திருக்கிறேன்! ஒரு தடவைகூடப் புதைத்துப் பார்த்ததில்லை.

காசு மிச்சம் பிடிக்கலாம் என்று பழைய முட்டி இருபது சும்மா வாங்கி வந்தேன். பனையில் கட்டிய முட்டிகள். புதைத்து நீர் ஊற்றி ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் நீர் அப்படியே நிற்கிறது! அவை கருப்பநீர், அதாவது பதநீர், எடுத்த முட்டிகள். கருப்பநீர் புளிக்காமல் இருக்க உள்ளே சுண்ணாம்பு பூசுவார்கள். வருடக்கணக்காகப் பூசிய சுண்ணாம்பு நுண்துளை எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. புளிநீர் ஊற்றி ஊறவைத்து, தேங்காய்த் தும்பால் உரஞ்சிப் பார்த்தேன், இரண்டு மட்டும் கொஞ்சம் கசிந்தது. கடைசியில் புது முட்டி 40 வாங்கினோம், ஒன்று 280, மொத்தம் 11,200. கடையிலேயே சோதியுங்கள்: நீர் நிரப்பி நிழலில் வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் வெளிப்பக்கம் கறுத்து ஈரமாக வேண்டும். மினுங்குகிற முட்டி வேண்டாம். வடிவாக இருக்கிறதென்று வாங்கினால் காசு வீண்.

எங்கள் முட்டி நாலு லீற்றர் பிடிக்கும். கன்றிலிருந்து ஒரு சாண் தூரம், வாய் மட்டும் நிலத்துக்கு மேல் இரண்டு விரல். சுற்றி மணலும் உக்கிய மாட்டெருவும் அரைக்கரைவாசி கலந்து நிரப்பினேன். வாயைச் சிரட்டையால் மூடினோம், முதல் நாளே நாய் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு தட்டையான கல். மூடாமல் விட்டால் நுளம்பு பெருகும், டெங்கு சோதிக்க வருகிறவர்கள் சும்மா விடமாட்டார்கள். எங்கள் செம்மண்ணில், கோடையில், ஒரு முட்டி நாலு நாளுக்குப் போதும். முன்பு வாளியால் ஊற்றியபோது ஒரு கன்றுக்கு ஒரு நாளைக்கே ஐந்து லீற்றர் போனது.

கன்று 2023 ஒக்டோபர் நடுப்பகுதியில், இரண்டாவது நல்ல மழைக்கு அடுத்த நாள் நட்டோம். நவம்பர் வரை காத்திருந்து சனத்தைக் கூட்டி நடுகிற வேலையே இல்லை. விழா நாளில் நட்டால் படம் வடிவாக வரும், வேர் பிடிக்க ஒரு மாத மழை குறையும். தென்னம்பிள்ளை கேட்டவர்களுக்கு வீட்டு வளவில் வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டோம். இங்கே பவளமல்லிகை, நந்தியாவட்டை, செவ்வரத்தை, மாதுளை, கொன்றை. கன்றும் எருவும் 8,300. எந்தக் கன்று என்பதை அந்தந்த வீட்டார் தெரிந்தெடுத்தார்கள். ஒருவர் மட்டும் கறிவேப்பிலை கேட்டார். நினைவுத் தோட்டத்தில் கறிவேப்பிலையா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். “அவளுக்கு அதுதான் பிடிக்கும், குழம்பில கிடந்தா எடுத்துச் சப்புவாள்” என்றார் அவர். வைத்தோம். இப்போது அந்த வரிசையில் நன்றாக நிற்பது அதுதான்.

செத்த மூன்றையும் சொல்லவேண்டும். ஒன்று கறையான்: எருவில் உக்காத வைக்கோல் கிடந்தது, அதைத் தேடி வந்தது. ஒன்று கேற்றைத் திறந்து விட்டுப்போன நாளில் மாடு. மூன்றாவது 2023 டிசம்பர் மழையில் தண்ணீர் நின்று வேர் அழுகியது. வடகிழக்கு மூலை ஆறு அங்குலம் பள்ளம் என்பதை நான் கண்ணால் பார்த்து மட்டம் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் தெளிந்த பிளாஸ்ரிக் குழாயில் நீர் விட்டு மட்டம் பிடித்தோம். 30 அடிக் குழாய் போதும், இரண்டு ஆள் வேண்டும், குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருக்கக்கூடாது. ஒன்றரை அடி வடிகால் ஒன்றை ரோட்டு வாய்க்கால் வரை வெட்டினோம்.

இனிக் கார்த்திகைப்பூ, செங்காந்தள் என்பதும் இதைத்தான். தானாக எந்த வேலியிலும் ஏறுகிற கொடி இது, இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்தேன். மூன்று தடவை பிழை விட்டேன்.

முதல் தடவை பூத்து நின்ற கொடியைப் பற்றைக்குள் இருந்து கிழங்கோடு கிளப்பிக் கொண்டுவந்தேன். நாலு நாளில் சரிந்தது. பூக்கும்போது அதைத் தொடக்கூடாது. நவம்பரில் இடத்தைத் தடி நட்டு அடையாளம் வைத்து, கொடி காய்ந்து மறைந்த பிறகு மார்ச்சில் கிண்டவேண்டும். கிழங்கு கலப்பை மாதிரி இரண்டாகக் கவர்விட்டிருக்கும், முளை கவரின் நுனியில். அந்த நுனி முறிந்தால் அந்தக் கவர் வீண். அலவாங்கு வேண்டாம், சிறு கரண்டியால் மண்ணை விலக்குங்கள். நிழலில் உலர்ந்த மணலுக்குள் வைத்து, செப்டெம்பர் கடைசியில் மூன்று அங்குல ஆழத்தில் படுக்கையாக நட்டோம். கையுறை கட்டாயம். கிழங்கு கொடிய நஞ்சு. கிண்டிய கரண்டியைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். சின்னப் பிள்ளைகள் வருகிற இடமென்பதால் கொடியை உள்பாதையில் வைக்காமல் பின்வேலியோடு மட்டும் வைத்தோம்.

இரண்டாவது பிழை, ஏற வைத்த பந்தல். அரை அங்குல பிவிசி பைப்பில் வடிவாகச் சட்டம் கட்டினேன். கொடி அதைப் பிடிக்கவே இல்லை. அதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது, இலையின் நுனிதான் சுருண்டு பிடிக்கும். அந்த நுனிக்கு பைப்பின் தடிப்புக் கூட. கட்டுக்கம்பியை இழுத்துக் கட்டியதும் இரண்டு நாளில் ஏறிவிட்டது. பைப்புக்குக் கொடுத்த 1,900 ரூபாயை நான் கணக்கில் சேர்க்கவில்லை, என் சொந்தச் செலவு, வெட்கச் செலவு.

மூன்றாவது புழு. கறுப்பு உடம்பில் வெள்ளையும் செம்மஞ்சளும் புள்ளி வைத்த புழு, எவ்வளவு நஞ்சுள்ள இலை என்றாலும் அதற்கு விருந்துதான். 2023 நவம்பரில் இரண்டு இரவில் பாதிக் கொடியை மொட்டையடித்தது. மருந்து அடிக்க மனம் வரவில்லை, தாய்மார் கை வைத்துப் பூப்பறிக்கிற இடம். 2024 இல் ஒக்டோபரிலிருந்தே பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துப் பிடுங்கிச் சவர்க்கார நீரில் போட்டோம். பாடசாலைப் பிள்ளைகள் நாலு பேரைப் பிடித்தேன், கையுறை போட்டு, நூறு புழுவுக்கு ஒரு ஐஸ்பழம். அந்த நவம்பரில் பின்வேலி முழுக்கப் பூ. இதழ் பச்சையாய் விரிந்து மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவந்து, கடைசியில் முழுச்சிவப்பு.

பெயர்க்கல்லுக்குத்தான் கூடுதல் நாள் போனது. எந்தப் பெயர் என்பதே முதல் சிக்கல். இயக்கப் பெயரா வீட்டுப் பெயரா? கூடப் போனவர்களுக்கு ஒரு பெயர் தெரியும், தாய்க்கு இன்னொன்று. தாய் கூப்பிட்ட பெயர் என்று முடிவானது. அதனால் கல்லில் பதிவுப்பெயர்கூட இல்லாமல் செல்லப்பெயர் மட்டும் இருக்கிறவர்கள் ஆறு பேர். கருங்கல்லில் வெட்டக் கேட்ட விலை எங்கள் மொத்தச் செலவைவிடக் கூட, விட்டுவிட்டோம்.

சீமெந்துப் பலகையில் எனமல் பூச்சால் எழுதிப் பார்த்தோம். வார்த்து நாலு நாளில் எழுதினேன், முதல் மழைக்கே தோல் உரிந்தது. பச்சைச் சீமெந்தில் எனமல் நிற்காது, ஒரு மாதமாவது காயவேண்டும். காய்ந்தாலும் எத்தனை வருடம் நிற்கும்? எழுத்துப் பள்ளமாக இருந்தால் பூச்சே தேவையில்லை என்றார் பக்கத்து வீட்டு மேசன் அண்ணை. இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிளிநொச்சி நகரில் அரசின் வெற்றிச் சின்னம் நிற்கிறதே, பெரிய கொங்கிரீட் கட்டையை எறிகணை துளைத்து மேலே தாமரை மலர்கிற மாதிரி, அதைத் தாண்டி ஒருநாள் பஸ்ஸில் போனோம். அண்ணை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஒழுங்காத் தண்ணி விட்டிருக்கிறாங்கள், விளிம்பு உடையேல்ல” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணை சொன்ன முறை இது. 12 அங்குலத்துக்கு 8 அங்குலம் மரச்சட்டம், அடியில் பிளைவுட். பத்து மில்லிமீற்றர் றிஜிபோமில் (பொதிக்குள் வைக்கிற வெள்ளை நுரைப் பலகை) எழுத்துகளைச் சவர அலகால் வெட்டி அடியில் ஒட்டி, மேலே ஒன்றுக்கு இரண்டு சீமெந்தும் அரித்த மணலும், நடுவில் கோழிவலை, ஒன்றரை அங்குலத் தடிப்பு. மூன்றாம் நாள் கழற்றி றிஜிபோமைக் கிண்டி எடுத்தால் எழுத்துப் பள்ளமாக நிற்கும். பழைய எஞ்சின் ஒயில் பூசினால் சட்டம் இலேசாகக் கழரும், ஆனால் கல் கறுத்துவிடும். தேங்காயெண்ணெய் பூசுங்கள்.

சோதனைக்கு ஒரு கல் வார்த்தேன். யாருடைய பிள்ளையின் பெயரிலும் பரிசோதிக்க மனம் வராததால் என் பெயரைப் போட்டேன். கழற்றிப் பார்த்தால் முழுப்பெயரும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நிற்கிறது. எழுத்தை மறுபக்கமாக ஒட்டியிருக்கவேண்டும். மனைவிக்குப் பெயர் திரும்பியது பிரச்சினையில்லை. “உயிரோட இருக்கிற ஆள் தன்ர பேரில கல்லு வார்ப்பாரோ” என்று இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அது இப்போது கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்.

அடுத்த தலையிடி குற்று, மெய்யெழுத்துக்கு மேலே வைக்கிற புள்ளி. தமிழ்ப் பெயரில் எத்தனை மெய்யெழுத்து வருகிறது என்பது றிஜிபோம் வெட்டும்போதுதான் தெரியும். சின்ன வட்டமாக வெட்டினால் சீமெந்து ஊற்றும்போது மிதந்து போகிறது, பெயரே மாறிவிடுகிறது. கடைசியில் சட்டைப் பொத்தானை ஒட்டினோம். அளவான வட்டம், மிதக்காது, ஊசியால் நெம்பினால் கழன்றுவரும். வீடுகளில் கேட்டதும் பழைய பொத்தான்களை ஆளுக்கொரு கைப்பிடி கொண்டுவந்தார்கள். ஒருவர் ஒரே ஒரு பொத்தான் கொண்டுவந்து, இதைத் தன் மகனின் கல்லுக்குப் போடச் சொன்னார், கழற்றவேண்டாம் என்றும் சொன்னார். யாருடைய சட்டை என்று நான் கேட்கவில்லை. அந்தக் கல்லில் குற்று வெள்ளையாக இருக்கும்.

வார்த்த கல்லை ஈரச்சாக்கு மூடி ஏழு நாள் வைத்தோம். அவசரப்பட்டு நாலாம் நாள் எடுத்த இரண்டு, மூலை உடைந்து திரும்ப வார்க்கவேண்டி வந்தது. சீமெந்து ஐந்து பக்கெற் 12,000, மணல் ஒரு லோட் 9,500, றிஜிபோம், கோழிவலை, பலகை எல்லாம் 4,800. ஆகமொத்தத் தோட்டச் செலவு 128,300 ரூபாய். கூலி ஒருவரும் வாங்கவில்லை. வெளிநாட்டுக் காசு வாங்குவதா என்று ஒரு பேச்சு வந்தது. ஒரு வீட்டுக்கு இவ்வளவுக்கு மேல் வேண்டாம் என்று உச்சம் வைத்துத்தான் வாங்கினோம், இல்லாவிட்டால் பெரிய கல் கேட்கிற ஆள் வந்துவிடும்.

திரும்பச் செய்வதாக இருந்தால் இரண்டு விஷயத்தை மாற்றுவேன். முதலில் கிணற்றடியில் இருந்து ஒரு தண்ணீர்ப் பரலுக்குக் (பீப்பாய்) குழாய் இழுத்து, பரலைக் கேற்றடியில் வைத்திருப்பேன். இப்போது வயதானவர்கள் வாளியோடு அறுபது எழுபது அடி நடக்கிறார்கள். இரண்டாவது, முட்டி நிரப்புகிற முறையை எழுத்தில் போட்டிருப்பேன். அவரவர் கன்றுக்கு அவரவர் என்றுதான் வாய்ப்பேச்சாக இருந்தது. 2024 ஜூனில் ஒரு அம்மா போய்விட்டார், இன்னொரு குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. அந்த இரண்டு முட்டியும் காயவில்லை என்பதை ஓகஸ்ட்டில் எண்ணும்போதுதான் கவனித்தேன். பக்கத்துக் கன்றுக்காரர்கள் தங்கள் வாளியின் மிச்சத்தை அதில் ஊற்றி வந்திருக்கிறார்கள். ஆனால் அந்த வாளிக்காரர்களுக்கும் வயது போகிறது, ஆகவே ஒரு பட்டியல் வேண்டும். சனசமூக நிலையத்துப் பெடியளிடம் கேட்டிருக்கிறேன், இரண்டு பேர் ஓம் என்றார்கள்.

இந்த மாரி முடிந்து முட்டி எல்லாவற்றையும் கிளப்பிப் பார்த்தேன். மூன்று வெடித்திருக்கிறது, ஐந்தில் பாசி பிடித்துக் கசிவு குறைந்திருக்கிறது. பாசி பிடித்ததை வெயிலில் காயவைத்து உரஞ்சலாம். வெடித்ததற்குப் பதிலாக, நாற்பது வாங்கியதில் மிஞ்சிய மூன்றும் என் கொட்டிலில் கிடக்கின்றன. சனிக்கிழமை மாசி வெயில் ஏறுவதற்கு முன் புதைக்கவேண்டும்.